கிணற்றடி மின்பம்பியும் பச்சைக் கம்பியும்

துலா மிதித்து நீர் இறைத்த காலம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மறைந்து பல ஆண்டுகளாகின்றன. துலாவுக்குப் பின் மண்ணெண்ணெயால் இயங்கும் பொறி வந்தது; அதன் பின் மின்பம்பியும் வந்து சேர்ந்தது. இன்று வலிகாமத்துச் செம்மண் தோட்டங்கள் பலவற்றில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நீர் பாய்ச்சுவது ஒரு குதிரைவலு அளவிலான மின்மோட்டரேயாம். துலா மிதித்தவர் கால் தவறாதிருக்கக் கவனங் கொண்டார். ஆபத்து அவர் கண்ணுக்குத் தெரிந்தது. மின்பம்பியை இயக்குபவருக்கு ஆபத்துக் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது எவ்வழியாக வருகின்றது, அதனை எவ்வாறு தடுத்தல் வேண்டும் என்பன இங்கே விளக்கப்படுகின்றன.

மின்பம்பி பூட்டிய தோட்டங்களிற் கேட்கப்படும் முறைப்பாடுகள் மூன்று. பம்பி ஓடும்போது வானொலி இரைகின்றது என்பது ஒன்று. பம்பியின் உடலையோ இரும்புக் குழாயையோ தொட்டாற் கை கூசுகின்றது என்பது மற்றொன்று. பம்பியைப் போட்டதும் வீட்டிலுள்ள 'றிப் சுவிச்' விழுந்துவிடுகின்றது என்பது மூன்றாவது. இம்மூன்றுக்கும் சிலர் ஒரே மருந்தைக் கையாளுகின்றனர். செருகியைத் திறந்து, உள்ளிருக்கும் பச்சைக் கம்பியைக் கழற்றி, அதன் முனையை மடித்து விட்டுவிடுகின்றனர். றிப் சுவிச் விழுவது நின்றுவிடுகின்றது. பாத்திக்குத் தண்ணீர் பாய்கின்றது. வேலை முடிந்ததென்று எண்ணப்படுகின்றது. உண்மையில் அவ்வேளையிலேதான் ஆபத்துத் தொடங்குகின்றது.

மூன்று கம்பிகளின் தொழில்

பம்பிக்குச் செல்லும் வடத்தில் மூன்று கம்பிகள் உள. உயிர்க்கம்பி 230 உவோற்று அழுத்தத்தில் மின்னைக் கொண்டுவருகின்றது. நொதுமல் கம்பி அதனைத் திருப்பிக் கொண்டுசெல்கின்றது. பழைய வடங்களில் இவை முறையே சிவப்பும் கறுப்பும். புதியவற்றிற் கபிலமும் நீலமும். மூன்றாவது புவிக்கம்பி. பழையதிற் பச்சை நிறமாகவும், புதியதிற் பச்சையும் மஞ்சளுங் கலந்ததாகவும் இருக்கும். பம்பி செம்மையாக ஓடுங்காலத்தில் இக்கம்பிக்கு வேலை மிகச் சிறிது. அதனாலேயே அது வேண்டாத கம்பி என்று தோன்றுகின்றது.

கிணற்றடியில் ஈரம் ஓயாது. மோட்டரின் சுருளைச் சுற்றியுள்ள காவலி காலப்போக்கில் ஈரத்தாலும் சூட்டாலும் கெடும். எலி கடித்த வடம், மண்வெட்டி பட்ட வடம், இரு துண்டுகளை முறுக்கி நாடா சுற்றி விட்ட பொருத்து ஆகியனவும் அவ்வாறே. காவலி கெட்ட இடத்தில் உயிர்க்கம்பியின் மின் பம்பியின் உலோக உடலுக்குப் பொசிகின்றது. பச்சைக் கம்பி இருப்பின் அப்பொசிவு நிலத்துக்குச் செல்ல வழியுண்டு. கழற்றப்பட்டிருப்பின் வழியில்லை, மின் அங்கேயே காத்திருக்கும். வெறுங்காலுடன் ஈரமண்ணில் நின்று குழாயைத் தொடுபவரின் உடலே அதற்கு வழியாகின்றது.

நனைந்த உடலின் தடை ஏறக்குறைய 1000 ஓம் என்று கொண்டால், 230 உவோற்று அழுத்தத்தில் உடலினூடாக ஓடுவது 230 மில்லியம்பியராகும். ஏறக்குறைய 10 மில்லியம்பியர் ஓடும்போதே தசை இறுகிப் பிடித்த பிடியை விடமுடியாமற் போகும். சில பத்து மில்லியம்பியர் மார்பினூடாகச் சென்றால் இதயத்தின் துடிப்புக் குலையக்கூடும். ஒரு சிறு மேசை விளக்குக்கு வேண்டிய மின்னோட்டத்திலும் குறைந்தது இது.

உருகி போதாது

பச்சைக் கம்பியும் புவிக்கோலும் இருந்தால் உருகி எரிந்து மின்னைத் துண்டித்துவிடும் என்பது பலரது நம்பிக்கை. இந்நம்பிக்கை பெரும்பாலான கிணற்றடிகளிற் பொய்யாகும். இந்நாட்டில் மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருவன பொதுவாக உயிர்க்கம்பியும் நொதுமல் கம்பியுமே. புவித்தொடுப்பை வீட்டுக்காரர் தம் நிலத்திற் கோல் இறக்கி அமைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே பொசியும் மின் திரும்பிச் செல்லும் வழியிற் பெரும்பகுதி மண்ணாகும்.

கோலின் தடை 100 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இது குடாநாட்டில் அரிதான அளவன்று. அப்போது உயிர்க்கம்பி பம்பியின் உடலில் முற்றாகப் பட்டுவிட்டாலும் மண்ணினூடாக ஓடுவது 2.3 அம்பியருக்கு மேற்படாது. 15 அம்பியர் உருகி இதற்கு அசையாது. 5 அம்பியர் உருகியும் அசையாது. பம்பியின் உடல் ஏறத்தாழ 230 உவோற்றிலேயே நிற்கும். கோல் உண்டு, பச்சைக் கம்பி உண்டு, உருகி உண்டு. ஆயினும் தொடுபவருக்குக் காப்பில்லை.

இக்குறையை நீக்குவதே மீதியோட்டச் சுற்றுடைப்பான், அதாவது றிப் சுவிச். அது மின்னோட்டம் பெரிதா சிறிதா என்று பார்ப்பதில்லை. உயிர்க்கம்பியாற் போனதும் நொதுமல் கம்பியால் வந்ததும் சமமா என்று மட்டும் ஒப்பிடுகின்றது. போனதில் ஒரு பங்கு திரும்பி வராவிடின் அது வேறு வழியாகப் பொசிந்ததென்று கொண்டு சுற்றை உடைக்கின்றது. வீட்டுக்கும் கிணற்றடிக்கும் உரியது 30 மில்லியம்பியர் வகையாகும். அவ்வளவு பொசிந்தால் ஒரு செக்கனின் பத்தில் மூன்று பங்குக்குள்ளும், அதன் ஐந்து மடங்கு பொசிந்தால் நூறில் நான்கு பங்குக்குள்ளும் அது விழவேண்டும். மேற்கூறிய 100 ஓம் கோலுடன் இதனைப் பொருத்தினால், பம்பியின் உடலில் அழுத்தம் 3 உவோற்று ஆகுமுன்னரே மின் நின்றுவிடும். கோல் தனித்தும் போதாது. றிப் சுவிச் தனித்தும் முழுமையாகாது. பச்சைக் கம்பி இல்லாதவிடத்தில் றிப் சுவிச் விழுவதற்கு ஒருவர் முதலிற் பம்பியைத் தொட்டாகவேண்டும். அவர் உயிர் தப்பலாம். ஆனால் கிணற்றுக் கட்டில் நின்றவர் அதிர்ச்சியிற் கிணற்றுள் விழுந்தால் றிப் சுவிச் என் செய்யும்?

றிப் சுவிச் அடிக்கடி விழுகின்றதென்றால் அது கெட்டுவிட்டது என்று முடிவு செய்தல் தவறு. பம்பியைக் கழற்றிவிட்டுப் பார்க்கவேண்டும். அப்போது விழாதிருப்பின் குற்றம் பம்பியிலோ வடத்திலோ உள்ளது. மோட்டரைத் திருத்துநரிடம் கொடுத்துக் காவலியைச் சோதிப்பித்தல் வேண்டும். அதற்குச் செல்லும் செலவு ஒரு மூடை வெங்காயத்தின் விலைக்குள் அடங்கலாம்.

பச்சைக் கம்பியைக் கழற்றுவதிலும் கொடிய வழக்கம் ஒன்றுண்டு. கோல் இறக்கும் சிரமத்துக்கு அஞ்சி, செருகியினுள்ளேயே புவிமுனையை நொதுமல் முனையுடன் ஒரு சிறு கம்பியால் இணைத்துவிடுவர். எங்கேனும் நொதுமல் கம்பி அறுந்தால் அக்கணமே பம்பியின் உடல் முழு அழுத்தத்தையும் பெற்றுவிடும். இதனை எவரும் செய்யலாகாது. செய்திருப்பின் இன்றே அகற்றவேண்டும்.

கோல் இறக்கும் இடமும் மண்ணும்

புவிக்கோலைப் பொறுத்தவரையில் தடிப்பிலும் ஆழமே முதன்மையானது. ஈரமான இருவாட்டி மண்ணில் 16 மில்லிமீற்றர் தடிப்பும் 1.2 மீற்றர் நீளமும் உள்ள செம்பு பூசிய உருக்குக் கோலொன்றின் தடை ஏறக்குறைய 70 ஓம் ஆகும். நீளத்தை இரட்டித்தால் அது 40 ஓம் அளவுக்கு இறங்கும். தடிப்பை இரட்டித்தாலோ எட்டில் ஒரு பங்குதான் குறையும். பணத்தைத் தடித்த கோலிற் செலவிடுவது வீண். ஒரு கோல் போதாவிடின் இன்னொன்றை, கோலின் நீளத்துக்குக் குறையாத தூரத்தில், இயலுமாயின் அதன் இருமடங்கு தூரத்தில் இறக்கி இணைத்தல் வேண்டும். அடுத்தடுத்து இறக்கிய இரு கோல்கள் ஒன்றின் பயனையே தரும்.

வலிகாமத்திற் செம்மண்ணின் கீழே சுண்ணக்கல் கிடக்கின்றது. சில இடங்களில் அலவாங்கு இரண்டடி இறங்குமுன் கல்லைத் தொடும். கோல் அங்கே நின்றுவிட, மேலே நிற்பதை வாளால் அறுத்துவிட்டுப் போகும் வேலையாட்கள் உளர். கமக்காரர் அருகில் நின்று பார்த்துக்கொள்ளுதல் நன்று. கல்லுள்ள நிலத்துக்கு வேறு முறையுண்டு. இரண்டடி ஆழத்தில் ஆறு மீற்றர் நீளமான வாய்க்கால் ஒன்றை வெட்டி, அதில் வெறுஞ்செம்புப் பட்டியைக் கிடையாகப் படுக்கவைத்து, கல்நீக்கிய மண்ணால் மூடி இறுக்குதல் வேண்டும். நன்கு இறக்கிய கோலுக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று. இடத்தைத் தெரிந்தெடுப்பதில் ஒரு சூழ்ச்சியுண்டு. குசினித் தண்ணீர் விழும் வாழைப்பாத்தியின் ஓரம் ஆண்டு முழுவதும் ஈரமாயிருக்கும். ஆனால் மண்வெட்டி படாத பக்கமாயிருத்தல் அவசியம்.

கரையோர மணற்பகுதிகளில் கோல் இலகுவாக இறங்கும். ஆயினும் பயன் குறைவு. காய்ந்த மணலின் தடை ஈரமான இருவாட்டி மண்ணினதிலும் பத்து மடங்குக்கு மேலாக இருக்கக்கூடும். 70 ஓம் என்று கூறிய அதே கோல் அங்கே 700 ஓம் காட்டலாம். ஈரமான அடிமண் வரை செல்லும் நீண்ட கோலே அங்கு உதவும். வயல்நிலத்துக் களிமண் இதற்கு நேர்மாறானது. அங்கே ஒரு கோலே பெரும்பாலும் போதும்.

கோலைச் சுற்றிக் கரியும் உப்பும் இடும் வழக்கம் நெடுநாளையது. உப்பு இட்டவுடன் தடை குறைவது உண்மையே. இரண்டு மாரிக்குள் அது கரைந்து போய்விடும்; போகுமுன் கோலையும் இணைப்பையும் அரித்துவிடும். கரைந்தது எங்கே செல்கின்றது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். குடிநீருக்கு நிலத்தடி நீரையே நம்பியிருக்கும் குடாநாட்டில் கிணற்றின் அருகே உப்பைப் புதைப்பது எவ்வாற்றானும் தகாது. பெந்தனைற்றுக் களி கிடைக்குமிடத்தில் அதனை இடலாம். அது ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும், கரையாது. கோலைக் கிணற்று நீருள் இறக்குவதும் கூடாது. பொசிவு ஏற்படும் வேளையில் அந்நீரில் ஒருவர் இறங்கி நிற்கக்கூடும்.

கோலுக்கும் வீட்டுப் பரவற்பெட்டிக்கும் இடையில் மண்ணுள் கிடக்கும் கம்பி 16 சதுர மில்லிமீற்றர் செம்புக் கம்பியாயிருத்தல் நன்று. இணைப்பு மண்ணுள் மறையாது, மூடியுள்ள சிறு குழியில், திறந்து பார்க்கக் கூடியதாக இருத்தல் வேண்டும். கோலின் தடையை மின்வேலையறிந்தவர் புவித்தடைமானியால் அளந்து காட்டவேண்டும். அளப்பதற்கு உரிய காலம் ஆடி, ஆவணி மாதங்களே. கார்த்திகை மழையில் அளந்தால் எந்தக் கோலும் நல்ல கோலாகவே தோன்றும்.

வானொலி இரைச்சல்

இனி முதல் முறைப்பாட்டுக்கு வருவோம். பச்சைக் கம்பி வானொலி இரைச்சலைக் கொண்டுவருகின்றது என்று கூறி அதனைக் கழற்றுவோர் உளர். இரைச்சல் பிறப்பது அக்கம்பியிலன்று. ஆளியின் முனைகள் பிரியும்போதும் சேரும்போதும் பொறி பறக்கின்றது. அப்பொறியே மத்திய அலை வானொலியில் 'கரகர' என்று ஒலிக்கின்றது. கிணற்றடிகளில் வழங்கும் தூண்டல் மோட்டரில் இது தொடங்கும் வேளையில் மட்டும் ஒருமுறை கேட்கும், அது குற்றமன்று. ஓடும் நேரமெல்லாம் இடைவிடாது கேட்குமாயின் எங்கோ ஓரிடத்தில் இணைப்புத் தளர்ந்து பொறி பறந்துகொண்டிருக்கின்றது என்பது கருத்து. பெரும்பாலும் அது கருகிய ஆளியாகவோ, தளர்ந்த செருகியாகவோ, முறுக்கிய பொருத்தாகவோ இருக்கும். இவ்வகையில் வானொலி ஒரு நல்ல காவற்காரன். அதன் முறையீட்டைக் கேட்டு இணைப்புகளைத் திருத்தினால் இரைச்சலும் நிற்கும். தீப்பற்றும் அபாயமும் நீங்கும்.

அண்மைக்காலத்தில் இன்னொரு வகை இரைச்சல் பெருகியுள்ளது. சூரியவொளியால் இயங்கும் பம்பியின் மின்மாற்றுக் கருவி, மோட்டரின் வேகத்தை மாற்றும் கருவி, மலிவான மின்கலமேற்றி ஆகியவை செக்கனுக்குப் பல்லாயிரம் முறை மின்னை வெட்டி வெட்டிக் கொடுக்கின்றன. இவற்றால் வானொலி இரைவதோடு, தொட்டியின் நீர்மட்டத்தை உணர்ந்து பம்பியை நிறுத்தும் கருவியும் சில வேளைகளிற் பிழையாக இயங்கும். பரிகாரம் எளியது. உயிர்க்கம்பியும் நொதுமல் கம்பியும் வேலிவழியே தனித்தனியாகச் செல்லாது ஒரே வடத்தினுள் சேர்ந்து செல்லவேண்டும். நீர்மட்டக் கருவியின் மெல்லிய கம்பி அவ்வடத்தை விட்டு ஓரடியேனும் விலகிச் செல்லவேண்டும். கருவிக்கும் மோட்டருக்கும் இடையிலான வடம் இயன்றவரை குறுகியதாயிருத்தல் வேண்டும்.

இரைச்சலைத் தடுக்கும் வடிகட்டி நல்ல கருவிகளில் உள்ளேயே அமைக்கப்பட்டிருக்கும். அதிலுள்ள கொள்ளளவிகள் இரைச்சலைப் புவிக்கம்பிக்கு அனுப்பிவிடுகின்றன. பச்சைக் கம்பியைக் கழற்றினால் இரைச்சல் குறையாது, கூடும். அன்றியும் கொள்ளளவிகளினூடாகச் செல்லும் சிறு பொசிவு போக்கிடமின்றிக் கருவியின் உடலில் நின்று கையைக் கூசச்செய்யும். இக்கூச்சம் தனியே உயிருக்கு ஆபத்தில்லாததாயினும், காவலி கெட்டு வரும் கூச்சத்துக்கும் இதற்குமுள்ள வேறுபாட்டைக் கையாற் கண்டறிய முடியாது. தொட்டுப் பார்த்துத் தீர்மானிக்கும் வழக்கத்தை அடியோடு விடவேண்டும்.

வடிகட்டியுள்ள கருவிகள் பல ஒரே றிப் சுவிச்சிற் சேர்ந்தால் சிறு பொசிவுகள் கூடி அது காரணமின்றி விழுவதுமுண்டு. பழுதில்லாத வேளையிலுள்ள மொத்தப் பொசிவு 9 மில்லியம்பியருக்கு மேற்படாதிருத்தல் நன்று. மேற்படுமாயின் பம்பிக்குத் தனியாக ஒரு 30 மில்லியம்பியர் றிப் சுவிச் பூட்டவேண்டுமேயன்றி, 100 அல்லது 300 மில்லியம்பியர் வகைக்கு மாற்றலாகாது.

நெற்காணி மின்வேலி

வன்னியிலும் கிழக்கு மாகாணத்திலும் யானைக்கும் பன்றிக்கும் அஞ்சி மின்வேலி அமைப்போர் இதே புவித்தொடுப்பிற் கவனங் கொள்ளல் வேண்டும். முறையான வேலிக்கருவி சில ஆயிரம் உவோற்று அழுத்தத்தை, செக்கனுக்கு ஒருமுறைக்கு மேற்படாது, ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கிலுங் குறைந்த நேரம் மட்டும் கொடுக்கின்றது. விலங்கு அடிபட்டு விலகுமே தவிர மடிவதில்லை. இக்கருவியின் புவிக்கோல் வீட்டின் புவிக்கோலிலிருந்து 10 மீற்றருக்குக் குறையாத தூரத்தில் தனியாக இருத்தல் வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கினால் வேலியின் துடிப்பு வீட்டுக் கம்பிகளில் ஏறி, வானொலியில் ஒவ்வொரு செக்கனும் 'டக்' என்று கேட்கும். கோல் சரியாயிருந்தும் அவ்வொலி கேட்குமாயின் எங்கோ புல்லோ கொடியோ வேலிக்கம்பியிற் படுகின்றது. வரம்போரம் நடந்து பார்த்து வெட்டிவிடவேண்டும்.

230 உவோற்று வீட்டு மின்னை நேரே வேலிக்கம்பிக்குக் கொடுப்பது வேறு விடயம். அது சட்டப்படி குற்றம். அதில் மடிவது பன்றி மாத்திரமன்று. விடியுமுன் வயலுக்குத் தண்ணீர் பார்க்கச் சென்ற அயற்காணிக்காரரும், சில வேளை வேலியிட்டவரின் வீட்டாரும் அதிற் பட்டு இறந்திருக்கின்றனர்.

கைக்கொள்ள வேண்டியவை

றிப் சுவிச்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கவேண்டும். விழாவிடின் அன்றே மாற்றவேண்டும். பொத்தான் அழுத்தும்போது விழுவது றிப் சுவிச் நலமாயுள்ளது என்பதையே காட்டும். கோல் நலமாயுள்ளது என்பதை அது காட்டாது. உயிர்க்கம்பியையும் நொதுமல் கம்பியையும் ஒருங்கே தொடுபவரை றிப் சுவிச் காப்பதில்லை என்பதையும் மறக்கலாகாது. ஆதலின் செருகியையும் ஆளியையும் மழை படாத இடத்தில், ஈரக்கை எட்டாத உயரத்தில் அமைக்கவேண்டும்.

கிணறு வீட்டிலிருந்து தூரமாயின் வடத்தின் தடிப்பையும் கவனிக்கவேண்டியுள்ளது. வீட்டிலிருந்து 100 மீற்றர் தூரத்திலுள்ள ஒரு குதிரைவலு பம்பி 7 அம்பியர் எடுக்குமாயின், 1.5 சதுர மில்லிமீற்றர் வடத்தில் ஏறக்குறைய 17 உவோற்று வழியிலேயே இழக்கப்படும். 4 சதுர மில்லிமீற்றர் வடத்தில் இழப்பு 6 உவோற்று அளவினதே. மெல்லிய வடத்தில் மோட்டர் திணறிச் சூடேறும். சூடேறிய மோட்டரின் காவலியே முதலிற் கெடும்.

கிணறு கலக்கி இறைக்கும் நாளில், ஆள் இறங்குமுன் ஆளியை அணைத்தல் மட்டும் போதாது. செருகியைக் கழற்றி, இறங்குபவர் தம் கையிலேயே கொண்டுபோதல் அல்லது மேலே நிற்பவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். வீட்டிலுள்ள சிறுவர் அறியாது ஆளியைப் போட்டுவிடுதல் நிகழக்கூடியதே.

ஒருவரை மின் பிடித்துவிட்டால் அவரைத் தொடலாகாது. முதலிற் தலைமை ஆளியை அணைக்கவேண்டும். அது தூரமாயின் காய்ந்த பலகையில் நின்று, காய்ந்த தடியாற் கம்பியை விலக்கவேண்டும். மூச்சில்லாவிடின் நெஞ்சின் நடுவே இரு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டிருக்க, மற்றொருவர் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் வண்டியை வரவழைக்கவேண்டும். உணர்வு திரும்பி எழுந்து நடந்தாலும் அவரை அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். இதயத்தின் துடிப்புச் சில மணி நேரம் கழித்தும் குலையக்கூடும்.